இரண்டாம் முறை தேறிய கட்டுமானத் தாள்: இடிப்பும் மண்வேலையும் தனித்தனிக் கேள்விகள் அல்ல

தொழிலகப் பாதுகாப்புப் பட்டயப் படிப்பின் முடிவு சென்ற வாரம் வந்தது; கட்டுமானத் தாளில் இம்முறை தேறிவிட்டேன். சென்னையில் பன்னிரண்டு ஆண்டுகள் சைட் இன்ஜினியராக இருந்தவன் அதே தாளில்தான் முதல் முறை தவறினேன். வெட்கத்தில், அரியர் எழுதப்போவதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் குறிப்பில் அந்தக் கசப்பு தென்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை வந்த கேள்வி இதுதான்: ஓரடுக்கு பேஸ்மென்ட் உள்ள பழைய வணிக வளாகத்தை இடித்து, அதே மனையில் ஈரடுக்கு பேஸ்மென்டுடன் புதிய வளாகம் எழுப்ப வேண்டும், இருபுறமும் ஒட்டியபடி கடைகள் இருக்கின்றன. இடிப்புக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 4130, தோண்டலுக்கு ஐ.எஸ். 3764 என்று விடையை இரண்டாகப் பிரித்துப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுச் சிரித்த முகத்துடன் வெளியே வந்தேன். முடிவு வந்தபின் அந்த விடையை நினைவிலிருந்து எழுதி, எனக்குப் பாடம் சொல்லித்தந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் காட்டினேன். "மேலிருந்து அஸ்திவாரம்வரை முழுவதும் இடித்து, மனையைச் சுத்தம் செய்த பின்னரே தோண்டலைத் தொடங்க வேண்டும்" என்ற வரியில் விரலை வைத்து, "பக்கத்துக் கடையை யார் பிடித்துக்கொள்வார்கள் தம்பி?" என்று கேட்டார்.

பழைய பேஸ்மென்டின் சுவர் பெரும்பாலும் தானாக நிற்பதில்லை. தரைத்தள ஸ்லாப், அதாவது கான்கிரீட் தளம், அதன் தலைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. சுவருக்கு அப்பால் பக்கத்துக் கடையின் அஸ்திவாரமும் சாலையும் அழுத்துகின்றன. ஆகவே ஸ்லாபை ஒரேயடியாக எடுக்காமல் பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் உடைத்த கான்கிரீட்டைக் கொட்டி இறுக்க வேண்டும், அல்லது சுவருக்குச் சாய்வு முட்டுகள் கொடுக்க வேண்டும். அப்படி நிரப்பிய மேடையின்மீதே துளையிடும் ரிக்கை நிறுத்தி, பழைய சுவருக்கு உட்புறமாகச் சுற்றிலும் ஷோரிங் பைல்களை (மண் சரியாமல் தடுக்கும் தூண்களை) இறக்கிய பிறகுதான் தோண்டத் தொடங்கலாம். பைல் இறங்கும் இடங்களில் பேஸ்மென்டின் பழைய தரையை நிரப்புவதற்கு முன்பே உடைத்து வைக்காவிட்டால், ரிக் அங்கே மாட்டிக்கொள்ளும். இடிப்பின் கடைசி வாரமும் மண்வேலையின் முதல் வாரமும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருப்பதை என் முதல் விடை அறியவே இல்லை.

எனவே என் ஒரே அறிவுரை, விடைத்தாளைத் தொடுமுன் "எது எதைத் தாங்குகிறது" என்று இரண்டு நெடுவரிசை அட்டவணை ஒன்றைப் போடுங்கள் என்பதே. எடுக்கப்போகும் ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே அது தாங்கும் பொருளை எழுதினால் வேலை வரிசை தானாக வந்துவிடும். அட்டவணை போடாமல் எனக்குச் சிந்தனை ஓடாது. உங்களுக்கு ஓடுமானால் பத்து நிமிடம் மிச்சம்.

எண்கள் மறக்கும். கீழே முதல் மூன்றும் மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகளில் உள்ளவை:

- 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமான குழியின் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் அல்லது முட்டுக்கொடுக்க வேண்டும்.
- தோண்டிய மண் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அந்தத் தொலைவுக்கு அப்பால் இருக்க வேண்டும்.
- 1.2 மீட்டர் ஆழம் முதல், 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஏணி. அது தரைக்கு மேல் 90 செ.மீ. நீட்டியிருக்க வேண்டும்.
- இடிபாட்டுக் கழிவு நாளொன்றுக்கு 20 டன்னோ அதற்கு மேலோ, அல்லது மாதத்துக்கு 300 டன் என்றால், தரம் பிரிப்பதும் உள்ளாட்சியிடம் முன்கூட்டியே திட்டத்துக்கு ஒப்புதல் பெறுவதும் கட்டாயமாக இருந்தது. இது 2016ஆம் ஆண்டு விதி. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டு விதிகள் என்பதால், இனி எழுதுபவர்கள் புதியதையே படிக்கவும்.

அதே பாதுகாப்பு விதிகளில், எந்தத் தளத்தின்மீதும் இடிபாட்டை அளவுக்கு மீறிக் குவிக்கக்கூடாது என்ற வரியும் உண்டு. மாடியில் பிரேக்கர் (கான்கிரீட் உடைக்கும் கருவி) பொருத்திய சிறிய இயந்திரத்தை ஏற்றுவதாக எழுதுபவர்கள் கீழ்த்தளங்களுக்கு முட்டுக்கொடுப்பதையும் சேர்த்து எழுதாவிட்டால், நடைமுறை தெரியாதவர்கள் என்றே திருத்துபவர் நினைப்பார்.

வெடிவைத்துத் தகர்ப்பதை எழுதிக் கவர நினைக்காதீர்கள். சென்னைப் புறநகரான மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று ஒரு கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பின், அதன் இணைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் 2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் தீப்பற்றிய ஜவுளிக்கடைக் கட்டடத்தை இயந்திரங்களால்தான் இடித்தார்கள். ஒட்டியபடி கடைகள் என்று கேள்வியிலேயே இருக்கும்போது இரண்டாவது வழிதான் விடை.

தண்ணீரைப் பற்றி இரண்டு வரியாவது எழுதுங்கள். சென்னையின் மணற்பாங்கான பகுதிகளில் கண்மூடித்தனமாக டீவாட்டரிங் செய்தால், அதாவது குழியின் நிலத்தடி நீரை இறைத்தால், பக்கத்துக் கட்டடத்தின் அடியிலிருக்கும் நுண்மணலும் நீரோடு வந்துவிடும். ஐப்பசியில் குழி திறந்து கிடக்குமாறு வேலைத்திட்டம் போட்டால் வடகிழக்குப் பருவமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். மின்வாரியத் துண்டிப்பை எழுத்தில் பெறுவது போன்றவற்றை எல்லோரும் எழுதுவார்கள், விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் முறை பேஸ்மென்டே வரவில்லை. பழைய திரையரங்கு ஒன்றை இடிக்கச் சொல்லியிருந்தார்கள். அட்டவணையில் முதல் வரியாகக் கூரையின் இரும்புச் சட்டங்களை எழுதினேன். எதிரே, உயரமான பக்கச் சுவர்களின் தலை. மீதி விடை அந்த வரியிலிருந்துதான் வந்தது. அதற்கே கூடுதல் தாள் இரண்டு வாங்கியதால், கடைசிக் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன்.