திருட்டுப் பிரதி வாங்கியவர் என்னிடமே குறை சொன்னார்

வாட்டர்கலர் ஓவியம் கற்றுத்தரும் கட்டண வகுப்பு ஒன்றை இணையத்தில் நடத்துகிறேன். முப்பதுக்கும் மேற்பட்ட காணொளிகள், கூடவே பயிற்சிக்கு ஒரு பிடிஎஃப் குறிப்பேடு. வகுப்பு வெளியே கசிந்துவிட்டது என்பதை எனக்குத் தெரிவித்தவர், அந்தத் திருட்டுப் பிரதியைக் காசு கொடுத்து வாங்கியவர்தான். “வண்ணக் கலவைப் பாடத்துக்குரிய பக்கங்கள் குறிப்பேட்டில் இல்லையே, அனுப்பிவைக்க முடியுமா?” என்று மிகப் பணிவாக மின்னஞ்சல் எழுதியிருந்தார். மாணவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதும், ஒரு செய்திச் செயலியில் இயங்கிய சேனலின் இணைப்பை அனுப்பினார். நான் வைத்திருக்கும் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு அங்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். தான் வாங்கியது திருட்டுச் சரக்கு என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. விற்றவன் மீது வந்ததே போதுமானதாக இருந்தது.

சேனலுக்குள் புகுந்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். உரிமையாளர் விழித்துக்கொண்டார் என்று தெரிந்தால் பெயரை மாற்றிக்கொண்டு மறைந்துவிடுவார்கள், நம் கையில் ஆதாரம் எதுவும் மிஞ்சாது. எனவே சத்தமில்லாமல் சேர்த்தேன்: முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டுகள், ஒவ்வொரு கோப்புக்கும் உரிய முழு இணைப்பு, பணம் கேட்ட செய்தி, கசிந்த காணொளிகளின் பிரதி. அந்தப் பிரதி பிறகு எனக்குப் பெரிய உபகாரம் செய்தது.

அடுத்து, வகுப்பின் பெயரோடு ‘இலவசப் பதிவிறக்கம்’ என்று சேர்த்துத் தேடினேன். பக்கம் பக்கமாக முடிவுகள். தலை சுற்றியது. ஆனால் பொறுமையாகத் திறந்து பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை வெறும் தூண்டில். கோப்பே இருக்காது, சொடுக்கினால் இன்னொரு பக்கம், அங்கிருந்து வேறொன்று, கடைசியில் கணினியில் எதையாவது நிறுவச் சொல்லும். இவற்றைத் தனியே பிரித்துவைத்தேன். கோப்பு இல்லாத பக்கத்தைக் காட்டி ‘என் காணொளி இங்கே இருக்கிறது’ என்று எழுதினால் அது பொய்ப் புகார். அதே சமயம், என் விளம்பரப் பக்கத்தின் வரிகளையும் அட்டைப் படத்தையும் அப்படியே அள்ளிப் போட்டிருந்தார்கள். அந்த வரிகளும் படமும் என்னுடையவைதானே? அவற்றைக் குறிப்பிட்டே புகார் எழுதினேன்.

புகார் என்று நான் சொல்வது, அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி அனுப்பும் நீக்கக் கோரிக்கையை. அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. பெரிய தளங்களும், இணையதளக் கோப்புகளைத் தங்கள் கணினிகளில் வைத்து இயக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் பல அந்தச் சட்டத்துக்குள் இயங்குகின்றன. வெளியே இருப்பவற்றிலும் பல இதே வடிவத்தில் வரும் கடிதத்தை ஏற்கின்றன. படைப்பைப் பதிவு செய்திருக்க வேண்டுமோ என்று பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். பதிப்புரிமைக்காக நாடுகள் செய்துகொண்ட, 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே, படைப்பு உருவான கணத்தில் உரிமையும் பிறந்துவிடுகிறது என்பதுதான். அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு, இழப்பீடு என்று போவதானால் பதிவு பற்றிய கேள்விகள் வரலாம். நீக்கக் கோரிக்கைக்கு அது வேண்டாம். வக்கீலும் வேண்டாம்.

கடிதத்தில் அலங்காரம் எதற்கும் வேலை இல்லை. எது என் படைப்பு, அதன் மூலம் எங்கே இருக்கிறது, திருட்டுப் பிரதி எந்த இணைப்பில் இருக்கிறது, என்னை எப்படித் தொடர்புகொள்வது என்பவை வேண்டும். இந்தப் பயன்பாட்டுக்கு உரிமையாளரின் அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புவதாக ஒரு வரி. தகவல்கள் சரியானவை என்றும், உரிமையாளர் சார்பில் பேசும் அதிகாரம் எனக்கு உண்டு என்றும், பொய்ச் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு இதைச் சொல்வதாகவும் இன்னொரு வரி. கடைசியில் கையெழுத்து; தட்டச்சு செய்த பெயரே போதும். ‘இந்தத் தளம் முழுக்க என் பாடங்கள்தான்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வேலைக்கு ஆகாது. எத்தனை கோப்போ அத்தனை இணைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் முதல் கடிதத்தைச் சேமித்துவைத்தால் அடுத்த முறை இணைப்புகளை மட்டும் மாற்றினால் போதும்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் சிக்கல். சேனலில் கோப்புகள் இல்லை, இணைப்புகள் மட்டுமே. கோப்புகள் வேறொரு சேமிப்புத் தளத்தில் கிடந்தன. சேமிப்புத் தளத்துக்கு எழுதியதும் விரைவில் நீக்கிவிட்டார்கள், சேனலின் இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. சேனலைச் செயலி நிறுவனத்திடம் புகார் செய்ததில் அதுவும் முடங்கியது. பணம் வாங்கிய இணைப்பைக் கட்டண நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். விற்பவனுக்கு மெய்யாகவே வலித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். ஒரு இணையதளம் மட்டும், தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே நின்று பக்கங்களைக் கடத்தித் தரும் இடைநிலை வலையமைப்பு ஒன்றின் பின்னால் ஒளிந்திருந்தது. தளத்தின் இணையப் பெயரான டொமைனைத் தேடினால் அந்த இடைநிலை நிறுவனத்தின் பெயர்தான் வரும். அவர்களுக்கு எழுதினால், “கோப்புகள் எங்களிடம் இல்லை, உங்கள் புகாரை உரியவருக்கு அனுப்பிவிட்டோம்” என்ற பதிலோடு உண்மையான ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரும் வந்தது.

உரியவருக்கு அனுப்பிவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். என் பெயரும் முகவரியும் திருடியவன் கைக்கே போகின்றன. இது தெரிந்துதான் வீட்டு முகவரியை எங்கும் தராமல், தொழிலுக்கென்று தனியாக வைத்திருக்கும் அஞ்சல் முகவரியையும் மின்னஞ்சலையும் கொடுத்திருந்தேன். முகம் காட்டாமல், புனைபெயரில் இயங்கும் படைப்பாளிகளுக்கு இது உயிர்நாடியான விஷயம். அவர்கள் ஒரு முகவர் வழியாகக் கோரிக்கை அனுப்புவது நல்லது. சட்டம் அதை அனுமதிக்கிறது.

இத்தனையிலும் எனக்கு அதிகம் பலன் தந்தது கூகுள் தேடலில் இருந்து நீக்கக் கோரும் படிவம். கோப்பு எங்கோ ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும். வாங்கும் எண்ணத்தோடு வகுப்பின் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் அது படக்கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு. ஹோஸ்டிங் நிறுவனம் பதிலே சொல்லாவிட்டாலும் இந்தப் படிவம் தன் வேலையைச் செய்யும். ஏற்கத்தக்க நீக்கக் கோரிக்கைகள் குவியும் தளங்களைத் தேடல் வரிசையில் கீழே தள்ளுவதை 2012 முதல் கூகுள் கடைப்பிடிக்கிறது, ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் மறைமுகமான பலனும் உண்டு. கோரிக்கையின் நகல் லூமன் என்ற பொதுக் காப்பகத்துக்குப் போகும். முகவரியை மறைத்துவிடுவார்கள், பெயர் தெரியும்.

எதிர்த் தரப்பு ‘இது திருட்டு அல்ல’ என்று மறுப்பு அனுப்பலாம். அப்படி வந்து, நாம் வழக்குப் போடாமல் இருந்தால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் கோப்பு திரும்ப வந்துவிடும். எனக்கு மறுப்பு எதுவும் வரவில்லை. மறுப்பில் சொந்தப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தந்து, நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்றும் எழுத வேண்டும். திருட்டுக் கடை நடத்துகிறவனுக்கு அது தோதுப்படாது.

இனி, யார் கசியவிட்டது என்பது. எங்கள் காணொளிகளில் வாங்கியவரின் மின்னஞ்சல் மங்கலான எழுத்தில் அவ்வப்போது இடம் மாறித் தோன்றும். கசிந்த பிரதியில் கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. எழுத்தை மறைக்க ஒட்டியது. தூரிகை வெள்ளைத் தாளைத் தொடும் முன் நான் சற்று நிறுத்துகிற ஓர் இடத்தில், திட்டு மூலையிலேயே நிற்க, எழுத்து மட்டும் தாளின் மேல் வந்து ஒரு நொடி நின்று மறைந்தது. படத்தை நிறுத்தி, ஒளி மாறுபாட்டைக் கூட்டியதும் மின்னஞ்சலின் முதல் பாதி தெளிவாகப் படிக்க முடிந்தது. பட்டியலில் அதற்குப் பொருந்தியவர் ஒருவர்தான். அவருடைய கணக்கில் ஒரே வேளையில் வெவ்வேறு நாடுகளில் இருந்து உள்நுழைந்திருந்தார்கள். கேட்டபோது, பலர் சேர்ந்து காசு போட்டு ஒரு பிரதி வாங்கியதாகவும் தன் பெயரைக் கொடுத்ததோடு சரி என்றும் சொன்னார். இப்படிக் கூட்டாக வாங்கிப் பகிர்வதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. கணக்கை மூடினேன். வழக்குக்குப் போகவில்லை; செலவும் அலைச்சலும் கட்டுப்படியாகாது.

காணொளியை நகலெடுக்க விடாமல் பூட்டும் டிஆர்எம் பாதுகாப்பையும் இப்போது சேர்த்திருக்கிறேன். வைட்வைன், ஃபேர்பிளே போன்ற இந்த வகைப் பூட்டுகள் பல சாதனங்களில் திரைப்பதிவு செய்தால் கறுப்புத் திரையைத்தான் தரும். ஆனால் திரைக்கு எதிரே இன்னொரு போனைப் பிடித்துப் படமெடுப்பவனை எந்தத் தொழில்நுட்பமும் தடுக்காது. அங்கே கைகொடுப்பது அந்த நகரும் மின்னஞ்சல்தான். பதிவிறக்கத்துக்கே இடமில்லை, ஒரே சாதனம்தான் என்றெல்லாம் இறுக்கச் சொல்லிச் சில நண்பர்கள் யோசனை சொன்னார்கள். மறுத்துவிட்டேன். முழு விலை கொடுத்தவர் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்ட, திருட்டுப் பிரதி வாங்கியவர் சுகமாகப் பார்ப்பது என்ன நியாயம்? பதிலாக, ஓவியங்களைத் திருத்தித் தரும் நேரடி அமர்வுகளைக் கூட்டினேன். அதைக் கோப்பாக்கி விற்க முடியாது.

வகுப்பின் பெயருக்கும், குறிப்பேட்டில் மட்டுமே வரும் ஒரு விசித்திரமான வாக்கியத்துக்கும், இணையத்தில் அவை புதிதாகத் தென்பட்டால் மின்னஞ்சல் அனுப்பும் கூகுள் அலர்ட் வைத்திருக்கிறேன். புதிய இணைப்பு கண்ணில் பட்டால் சேமித்துவைத்த கடிதம் போகிறது. கடிதத்தை மதிக்காத ஹோஸ்டிங் ஒன்றில் ஒரு பழைய பிரதி இன்னும் கிடக்கிறது. தேடலில் அது வருவதில்லை என்பதால் அதன் பின்னால் அலைவதை விட்டுவிட்டேன்.