வில்லுக்கு மரம் தேடுபவர்களுக்கு

தேக்கைத் தேடி அலையாதீர்கள். சடச்சி கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கோடரிக்காம்புக்கு வைப்பார்களே, அதே மரம், வளைந்து மீளும். கிடைக்காவிட்டால் கல்மூங்கில்: மூன்று வயது தாண்டியது, அடிப்பகுதி, உள்ளே பொந்து இல்லாதது. இளங்கழி சீக்கிரம் உளுத்துப்போகும்.

நாணை 28 அங்குலம் இழுப்பவருக்கு வில் 66 அங்குலமாவது வேண்டும். அதனால் ஆறடிக் கட்டை, மரமானால் கணு இல்லாமல், நேர் ஓட்டமாகப் பாருங்கள். பட்டையின் வெடிப்பு மரத்தைச் சுற்றி முறுக்கிப் போனால் உள்ளே நாரும் அப்படித்தான், விட்டுவிடுங்கள். ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும். ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டும், முறிவு அங்கேதான் தொடங்கும்.

வெட்டிய அன்றே இரு முனையிலும் மெழுகோ பெயின்டோ பூசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் முனையிலிருந்து பிளக்கும். ஈரத்தோடு வளைத்தால் வில் வளைந்தபடியே நின்றுவிடும், அம்பில் வேகம் இருக்காது. இலக்கைப் பார்க்கும் பக்கம் பட்டைக்கு அடியில் இருந்த மரம். அங்கே உளி படவே கூடாது, செதுக்குவதெல்லாம் வயிற்றுப் பக்கம், அதாவது எய்பவரைப் பார்க்கும் பக்கம்தான். மூங்கிலிலும் தோல் பக்கம் அப்படியே இருக்கட்டும், கணு மேட்டை மட்டும் லேசாகச் சுரண்டலாம்.

காப்புக்காட்டில் கை வைக்காதீர்கள், வழக்காகிவிடும். பட்டா நிலத்து மூங்கிலே தாராளம்.