இன்றைக்கு என்ன இறங்கியது? திருகோணமலையில் மெனு மாறும் உணவு வண்டிகள்

உணவு வண்டியின் முன்னால் போய் நின்றதும், பலகையில் எத்தனை சாப்பாடு எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாலைந்து, மிஞ்சினால் ஆறு இருந்தால் நம்பி ஓடர் கொடுக்கலாம். இருபது இருந்தால், அதிலும் அறக்குளா, கணவாய், இறால், நண்டு, சிங்க இறால் எல்லாம் ஒரே இரவில் இருந்தால், அவற்றில் பல உறைய வைத்து எடுத்தவையாகத்தான் இருக்கும். காலையில் கரைக்கு வந்ததை வாங்கி அன்றிரவே விற்றுத் தீர்க்கும் சின்ன வண்டியால் இருபது வகை சமைக்க முடியாது.

வண்டியின் உள்ளே எட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும். இலங்கையில் உணவு வண்டியாக மாற்றிக் கட்டுவதற்கு டிமோ பட்டா என்ற சின்ன லொறி வழக்கமான தேர்வு. அதன் பின்தட்டு 7 அடிக்குக் கொஞ்சம் கூடிய நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். அதற்குள் காஸ் சிலிண்டர், இரண்டு அடுப்பு, ஒரு ரொட்டிக்கல், ஐஸ் பெட்டி, தண்ணீர்த் தாங்கி, வெட்டும் பலகை, இரண்டு ஆட்கள். ரொட்டிக்கல்லில் கொத்து அடிக்கும்போது அதே கல்லில் மீன் வாட்ட முடியாது. அதனால் விவரமான சமையற்காரர் பலகையை இப்படி எழுதுவார்: கல்லில் போட ஒன்று, தாச்சியில் பொரிக்க ஒன்று, வீட்டிலேயே ஆக்கிக் கொண்டுவந்து சூடாக்க ஒரு குழம்பு, அடுப்பே தேவைப்படாத ஒரு சம்பலோ சலாட்டோ. நாலும் ஒன்றையொன்று மறிக்காது. ஓடர் கொடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கைக்கு வரும். பலகையில் இருக்கும் எல்லாமே கல்லில் செய்பவை என்றால் முக்கால் மணித்தியாலம் நிற்கத் தயாராகப் போங்கள்.

இதே வகையில் அளவுக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. 10 கிலோ முழுப் பாரை வாங்கினால் தலை, முள், குடல் போக ஏறத்தாழ 5 கிலோ சதை வரும். பிளேட்டுக்கு 150 கிராம் என்றால் 33 பிளேட். வெள்ளி, சனி இரவில் அது எட்டு மணிக்கே முடிந்துவிடும். "மீன் முடிஞ்சுது" என்று பலகையில் கோடு இழுத்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடாதீர்கள். அடுத்த நாள் ஆறரைக்குப் போங்கள். இரவு பத்து மணிக்கும் எல்லா வகையும் இருக்கும் வண்டியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

உணவு வண்டிகளை ஒரு கவர்ச்சியாக உலகம் பேசத் தொடங்கியது 2008 இன் பிற்பாதிக்குப் பிறகு. லொஸ் ஏஞ்சலிஸில் ரோய் சோய் சமைத்த கோகி வண்டி, கொரிய இறைச்சியை மெக்சிக்கோ டாக்கோவில் வைத்து விற்றது. இன்றிரவு எங்கே நிற்கிறோம் என்று ட்விட்டரில் அறிவித்தது. திருகோணமலையில் அதே வேலையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் முகநூலும் செய்கின்றன. ஆனால் இங்கே மெனுவை மாற்றும் உண்மையான கை கடலுடையது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பலகையைப் படிப்பது சுலபம்.

பங்குனி கழிந்து கடல் அடங்கியதும் கிழக்குக் கரையில் நல்ல காலம் தொடங்கும். ஏறக்குறைய புரட்டாசி வரை கரைவலை இழுக்கலாம், ஃபைபர் படகுகள் இரவு போய் விடியற்காலை திரும்பும். சூடை, நெத்தலி, பாரை, விளைமீன், அறக்குளா, கணவாய் என்று மெனு விரிவதற்கு இதுதான் பருவம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டார் வருவதும் இதே மாதங்களில் என்பதால் விலையும் ஏறும். நகரப் பக்கம் வந்து டச்சுக் குடாவை ஒட்டிச் சாப்பிட்டால் கைக்குக் கட்டுப்படியாகும்.

ஐப்பசி கடைசியில் வாடைக்காற்று எழும்பிவிட்டால் கதை வேறு. கார்த்திகை, மார்கழியில் வெளிக்கடல் கொந்தளிக்கும். சின்னப் படகுகள் பல நாட்களுக்குக் கரையிலேயே கிடக்கும். மகாவலி வெள்ளம் இறங்கிக் கொட்டியாரக் குடா மண்ணிறமாகக் கலங்கும். உட்துறைமுகம் மூன்று பக்கமும் மறைவான இடம் என்பதால் அங்கே கொஞ்சம் மீன் படும். மற்றபடி பல நாள் படகுகளை நம்ப வேண்டியதுதான். இந்த மாதங்களில் நேர்மையான வண்டி மீனைக் குறைத்துக் கருவாடு, முட்டை, கோழி, மரவள்ளி, கூழ் என்று மாறும். மார்கழி மழையில் "இன்று பிடித்த கணவாய்" என்று எழுதியிருந்தால், எங்கே பிடித்தது என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நல்ல சமையற்காரர் படகுக்காரரின் பெயர் வரைக்கும் சொல்லுவார்.

மீன் பற்றி இன்னும் கொஞ்சம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் பல நாள் படகுகள் இரண்டு மூன்று வாரம் கடலில் நின்று சூரை கொண்டுவருபவை. ஐஸ் சரியாகப் போட்டிருந்தால் அது நல்ல மீன்தான். ஆனால் சூரை, கெலவல்லா, கும்பிளா, சூடை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் வெயிலில் கிடந்தால் பற்றீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உருவான ஹிஸ்டமினைப் பொரித்தாலும் அவித்தாலும் அழிக்க முடியாது. மணத்திலும் பெரும்பாலும் தெரியாது. சாப்பிடும்போது நாக்கில் மிளகு பட்டதுபோல் ஒரு சுணைப்பு இருக்கும். மசாலாவின் உறைப்பு என்று நினைத்துச் சாப்பிட்டு முடிப்பவர்கள் அதிகம். சில நிமிடங்களில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து சூடேறும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்குத் தோல் தடிக்கும். அந்தச் சுணைப்புத் தெரிந்த உடனே பிளேட்டை வைத்துவிடுங்கள். மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இதனால்தான் வண்டியில் பார்க்க வேண்டிய முதற் பொருள் ஐஸ் பெட்டி. எங்கள் வெயிலுக்கு 10 கிலோ மீனுக்குக் குறைந்தது 10 கிலோ ஐஸ் வேண்டும். ஐஸ் மீனுக்கு அடியிலும் மேலிலும் இருக்க வேண்டும். உருகிய தண்ணீர் வெளியேறப் பெட்டியில் துவாரம் இருக்க வேண்டும். மீன் தண்ணீரில் மிதந்தால் சதை ஊறிச் சவசவத்துப் போகும். ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு துண்டை எடுத்து மூடியை மூடுகிறாரா, ஒரேயடியாகப் பத்துத் துண்டை எடுத்துத் தட்டில் பரப்பி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். சமைத்த உணவும் மீனும் 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. சோற்றுக்கும் இதே விதி. காலையில் வடித்து வெளியில் ஆறவிட்ட சோற்றை இரவு எவ்வளவு சூட்டில் பிரட்டினாலும் அதில் ஊறிய நஞ்சு போகாது. ஃப்ரைட் ரைஸ் கேட்பவர்கள் சோறு எப்போது ஆக்கியது என்றும் கேட்க வேண்டும்.

கணவாய் பலகையில் இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லுவேன், ஏனென்றால் சமையற்காரரின் கை அதில் தெரிந்துவிடும். கணவாய் ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் முக்கால் மணித்தியாலம் மெல்ல வேக வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பராகிவிடும். பொரிப்பதென்றால் வளையங்களைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, அரிசி மாவும் கோதுமை மாவும் சரிக்குச் சரி கலந்த மாவில் புரட்டி, 180 பாகை எண்ணெயில் போட வேண்டும். வண்டித் தாச்சியில் 3 லீற்றர் எண்ணெய் பிடித்தால் ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் போடக் கூடாது. கூட்டம் நிற்கிறதே என்று ஒரு கிலோவைக் கொட்டினால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, மாவு எண்ணெயைக் குடித்து, கணவாய் தன் தண்ணீரிலேயே அவியத் தொடங்கும். எண்ணெய் நுரைத்துக்கொண்டே இருந்தாலும், கறுத்துப் பிசுக்கென்று வடிந்தாலும் அன்றைக்குப் பொரியல் வேண்டாம். கல்லில் வாட்டியதைக் கேளுங்கள்.

காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வறண்டது, சூடானது. பிற்பகல் முழுக்க அடித்து மாலையிலும் ஓயாத நாட்கள் உண்டு. அடுப்பைச் சுற்றித் தகர மறைப்பு இல்லாத வண்டியில் தீ ஒரு பக்கம் சாய்ந்து, கல்லின் ஒரு பாதி கருகும், மறுபாதி பச்சையாக நிற்கும். மீன் ஒரு முனையில் கரிந்து மறுமுனையில் முள்ளோடு ஒட்டியிருந்தால் காரணம் இதுதான். திருப்பிக் கொடுத்து இன்னும் இரண்டு நிமிடம் வைத்துத் தரச் சொல்லலாம். கோழி என்றால் கட்டாயம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் நடுச்சதை 74 பாகைக்கு வந்திருக்க வேண்டும்; எலும்போரம் இளஞ்சிவப்புச் சாறு கசிந்தால் சாப்பிட வேண்டாம்.

கொத்து எல்லா வண்டியிலும் இருக்கும், அதனால் சுருக்கமாக ஒன்று: அப்போதே சுட்ட ரொட்டியில் அடித்த கொத்து களியாகிவிடும். காலையில் சுட்டு நாலைந்து மணித்தியாலம் ஆறிய ரொட்டிதான் துண்டு துண்டாக நிற்கும். குழம்பை ஒரு அகப்பைக்கு மேல் ஊற்றினால் அப்போதும் களியாகிவிடும்.

சொதியில் இன்னொரு குறிப்பு உண்டு. இடியப்பமும் சொதியும் பலகையில் இருந்தால் சட்டியை ஒரு கணம் பாருங்கள். மேலே எண்ணெய் திட்டுத் திட்டாக மிதந்து, அடியில் தண்ணீர் தெரிந்தால் பால் திரிந்துவிட்டது. முதற்பாலை விட்ட பிறகு கொதிக்க விட்டதாலோ, அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய்ப் புளி பிழிந்ததாலோ அப்படி ஆகும். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் அவிந்த பின் முதற்பால் விட்டு, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கி, கொஞ்சம் ஆறியபின் புளி விட வேண்டும். வண்டியில் ஒரு பெரிய சட்டியை இரவு முழுக்கக் கொதிநிலையில் வைப்பதைவிட, இரண்டாம் பால் அடிச்சொதியைச் சூடாக வைத்து, முதற்பாலைச் சின்னச் சட்டியில் அவ்வப்போது சேர்ப்பவர்களின் சொதி கடைசி பிளேட் வரைக்கும் வெள்ளையாக இருக்கும். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளும் வண்டிகளுக்கு என் மரியாதை உண்டு.

நாளும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுபவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். நல்ல வண்டிகள் அன்றைக்கு மரவள்ளி, பலாக்காய், கத்தரிக்காய் என்று இரண்டு சைவச் சாப்பாடாவது எழுதும். அவை வேறு கல்லில், வேறு அகப்பையில் செய்யப்படுகின்றனவா என்று கேட்டுத்தான் ஓடர் கொடுக்க வேண்டும். ஒரே கல்லை மட்டும் வைத்திருக்கும் வண்டி அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. பௌர்ணமிப் போயா நாளில் இறைச்சிக் கடைகள் பூட்டு; அன்றைய கோழி முதல் நாள் வாங்கியது. ஹலால் வேண்டியவர்கள் இறைச்சி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டால் போதும்.

நண்டு, சிங்க இறால், முழு மீன் கேட்கும்போது பிளேட் விலையா, கிலோ விலையா என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். கிலோ விலை என்றால் நிறுப்பது துப்புரவாக்க முன்னரா, பின்னரா என்பதையும் கேளுங்கள். தராசை உங்கள் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். நண்டின் அடிவயிற்று ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் ஓடு மாற்றிக் கொஞ்ச நாள்தான், உள்ளே தண்ணீர்தான் இருக்கும். முட்டை தாங்கிய சிங்க இறாலைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். வயிற்றடியில் செம்மஞ்சள் கொத்துத் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

நாலு பேராகப் போவது மிகவும் வசதி. பலகையில் உள்ள ஒவ்வொன்றிலும் ஒரு பிளேட் சொல்லிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். பொரித்ததை வந்த கையோடு, மீனை அடுத்ததாக, குழம்பையும் சொதியையும் கடைசியில். நாலு பிளேட்டையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொன்னால் கணவாய் நமத்து, மீன் ஆறிவிடும். வீட்டுக்குக் கட்டுவதென்றால் பொரியலைக் கட்டவே வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கடதாசிப் பெட்டியின் மூடியைப் பாதி திறந்தபடி கொண்டுபோங்கள்; மூடினால் ஆவி திரும்பி மாவில் விழும். ரெஜிஃபோம் பெட்டியும் லஞ்ச் ஷீற்றும் 2017 செப்டெம்பர் முதல் தடை செய்யப்பட்டவை. இன்னும் அவற்றில் கட்டித் தந்தால் வாழையிலை கேளுங்கள்.

கடைசியில் தயிர். தம்பலகாமம், மூதூர், கந்தளாய்ப் பக்கத்து எருமைத் தயிர் சட்டியோடு வண்டியில் இருந்தால், சட்டியைச் சற்றுச் சரித்துக் காட்டச் சொல்லுங்கள். தயிர் அசையாமல், ஓரத்தில் மெல்லிய தண்ணீர்க் கோடு மட்டும் தெரிய வேண்டும். கரண்டியால் வெட்டினால் வெட்டிய முகம் அப்படியே நிற்கும். அதன்மேல் கித்துள் பாணி இரண்டு மேசைக்கரண்டி போதும். பாணியை முன்கூட்டியே ஊற்றிக் கிண்ணங்களில் வரிசையாக வைத்திருந்தால் தயிர் தண்ணீர் விட்டுவிடும், அதனால் புதுச் சட்டியைத் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.