முதல் கார் வாங்கினேன்: வண்டிக்கு முன்னால் பேப்பரைப் பாருங்கள்

பட்ஜெட் 3 லட்சம், வயது 24, ஊர் மதுரை. 2024 தொடக்கத்தில் கார் தேட இறங்கியபோது என் நிலவரம் இதுதான். புதுசாவே எடுத்துடு, மாசாமாசம் கட்டிக்கலாம் என்றார் அப்பா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2023 நவம்பரில்தான் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியை ஏற்றியிருந்தார்கள், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரைக்குமான காருக்கு 13 சதவீதம். அதோடு புதுக் காருக்கு, நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மூன்று வருடத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்டியாக வேண்டும். ஷோரூம் விலைக்கும் வண்டி ரோட்டுக்கு வரும் விலைக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்த பிறகு, செகண்ட் ஹேண்ட்தான் என்று முடிவாகிவிட்டது.

இன்சூரன்ஸ் பற்றி எனக்கு ஒரு பயம் இருந்தது. லண்டனில் இருக்கும் அத்தை மகன், சின்ன வயசு டிரைவர் என்றாலே அங்கே பிரீமியம் எகிறிவிடும் என்று சொல்லியிருந்தான். நம் ஊரில் கதை வேறு. தேர்ட் பார்ட்டி கட்டணத்தில் ஓட்டுபவரின் வயதுக்கு இடமே இல்லை, இன்ஜின் சி.சி. மட்டும்தான் கணக்கு. 2022 ஜூன் முதல் வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், அதைத் தாண்டி 1500 வரை 3,416 ரூபாய், இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான் வண்டியின் வயது, அதன் மதிப்பு, பதிவான ஊர் எல்லாம் வரும். ஆக, 1197 சி.சி. ஸ்விஃப்டுக்கும் 998 சி.சி. வேகன் ஆருக்கும் நடுவில் தேர்ட் பார்ட்டியில் மட்டும், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து, வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வித்தியாசம். பெரிய தொகை இல்லைதான், ஆனால் கார் இருக்கும்வரை வருடாவருடம் கட்டுவது.

இங்கே இளைஞர்கள் மாட்டுவது வேறு இடத்தில். நம்மில் பலரிடம் பைக் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கும், அதில் எல்.எம்.வி. என்ற கார் ஓட்டும் தகுதியைச் சேர்க்காமலே காரை எடுத்துவிடுவோம். விபத்து ஆனால் கிளெய்மில் கம்பெனி முதலில் கேட்பது லைசென்ஸைத்தான், கார் ஓட்டும் தகுதி அதில் இல்லை என்றால் பிரீமியம் கட்டியிருந்தும் கைவிரிப்பார்கள். நான் எல்.எம்.வி. சேர்த்த கார்டு கைக்கு வந்த பிறகுதான் வண்டி பார்க்கவே கிளம்பினேன்.

ஆல்டோ, செலேரியோ, வேகன் ஆர், பழைய ஐ10 என்று பட்டியல் போட்டேன். ஃபோர்டு ஃபிகோ அதே காசுக்கு இன்னும் புது மாடலாகவே கிடைத்தது. ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததால் வந்த விலைச் சரிவு அது. ஓட்டிப் பார்த்தால் நல்ல கனமான, திடமான வண்டி, எனக்கு ரொம்பவே பிடித்தது. ஆனால் முதல் காரில் ஒரு கண்ணாடிக்கும் லைட்டுக்கும் கடை கடையாக அலைய எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். அம்மாவுக்கு முட்டி வலி, குனிந்து ஏறி இறங்க முடியாது. அதனால் கடைசியில் வேகன் ஆர் பக்கம் சாய்ந்தோம்.

கார் கன்சல்டிங் கடைகளில் பார்த்ததில் ஒரு வண்டி விலைக்கு மீறின பளபளப்பு. 2019 மாடல், மீட்டர் 30 ஆயிரம் கிலோமீட்டருக்குக் கீழே, விலை நான் நினைத்ததைவிட 40 ஆயிரம் குறைவு. கூட வந்த மெக்கானிக் அண்ணன் பானட்டையே திறக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, "தம்பி, இந்த பெல்ட்டை முழுசா இழுங்க" என்றார். இழுக்க இழுக்க வந்தது. கடைசி ஒரு முழம் அளவுக்கு, வழக்கமாக உள்ளேயே சுருண்டு கிடக்கும் பகுதியில், காய்ந்த சேற்றின் பழுப்புக் கோடு. அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கச் சொன்னார், அதன் பள்ளத்தில் நட்டெல்லாம் துரு. 2023 டிசம்பரில் முதலில் சென்னையும், அடுத்து தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் தண்ணீரில் கிடந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. சீட் கவரை மாற்றலாம், பாலிஷ் போடலாம், பெல்ட்டை யாரும் கழற்றிக் கழுவுவதில்லை என்றார். கடைக்காரரிடம் ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டோம்.

நாங்கள் வாங்கியது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் விற்ற 2017 மாடல் வேகன் ஆர், 2.85 லட்சம். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருடக் குறியீடு, கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டும் மீட்டரும் ஒத்துப்போனது. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதைப் பார்த்து, டயர் மாற்ற வேண்டிய செலவை விலையில் குறைத்துக் கேட்டோம், சார் ஒத்துக்கொண்டார்.

பேப்பரில்தான் நேரம் பிடித்தது. சாருடைய கார் கடன் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் வங்கிப் பெயர் அப்படியே இருந்தது. வங்கியிடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி ஃபார்ம் 35 போட்டு அதை நீக்கினால்தான் பெயர் மாற்றம் சுத்தமாக நடக்கும். அந்த வேலை முடியும்வரை அட்வான்ஸுக்கு மேல் நான் ஒரு ரூபாய் தரவில்லை, சாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30, சேஸ் நம்பரின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி, ஆன்லைனில் கட்டிய ரசீது, எல்லாவற்றோடும் ஆர்.டி.ஓ. ஆபீஸ். புரோக்கர் ஒருவர், கையெழுத்து மட்டும் வாங்கி வைங்க, பெயரைப் பிறகு மாத்திக்கலாம் என்றார். அப்படிச் செய்தால் விற்றவருக்குத்தான் ஆபத்து. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதைச் சாரிடம் சொன்னேன், அவரே ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

இனி பாலிசி. சாருடைய இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் கரண்டில் இருந்தது. ஆர்.சி. மாறினால் பாலிசியும் தானாக மாறிவிடும் என்றுதான் பலர் நம்புகிறார்கள். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு வண்டியோடு வரும், சரி. ஓன் டேமேஜ் வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி நம் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கார் நொறுங்கினாலும் திருடு போனாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. இன்னொன்று, கிளெய்ம் போடாமல் இருந்ததற்காகச் சாருக்குக் கிடைத்த 45 சதவீதத் தள்ளுபடி, அதாவது என்.சி.பி., அவருடையது, வண்டியுடையது அல்ல. அவர் அதற்குக் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். எனக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது, மீதி மாதங்களுக்கான வித்தியாசத்தைக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். விலை பேசும்போதே இந்தத் தொகையையும் சேர்த்துப் பேசுங்கள்.

முதல் ரென்யூவலில் ஏஜென்ட் ஒருவர் ஐ.டி.வி.யைக் குறைத்து, பிரீமியம் எவ்வளவு கம்மி பாருங்க தம்பி என்றார். வண்டி திருடு போனாலோ முழுசாகப் போனாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகையே அந்த ஐ.டி.வி.தான். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது பேசி முடிவு செய்வது, அதனால் சந்தை விலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். பழசுக்கான கழிவைப் பிடிக்காமல் பாகங்களுக்கு முழு விலை தரும் பம்பர் டு பம்பர் பாலிசி இந்த வயசு வண்டிக்கு நான் கேட்ட இடங்களில் கிடைக்கவில்லை. அப்படியென்றால் கிளெய்மில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலை நம்முடையது, இரும்புக்கு 40 சதவீதம், கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. இருந்தாலும் புதிதாக ஓட்டுபவர் முதல் இரண்டு வருடமாவது ஓன் டேமேஜும் சேர்ந்த ஃபுல் இன்சூரன்ஸே போடலாம் என்பது என் கருத்து.

அந்த ரென்யூவலுக்கு முன்னால் மாட்டுத்தாவணி பக்கம் ஒரு ஆட்டோ உரசி பின் பம்பரில் கீறல். டிங்கரிங் கடையில் 2,500 ரூபாயில் சரிசெய்தேன். கிளெய்ம் போட்டிருந்தால் முதல் 1,000 ரூபாய் எப்படியும் என் கைக்காசு, கழிவு போக மிச்சம் வருவது சொற்பம், அதற்காக என் பெயரில் சேரத் தொடங்கியிருந்த என்.சி.பி. போயிருக்கும்.