இமெல்டாவின் தென்னை மாளிகை

இமெல்டா மார்கோஸ் என்றதும் எல்லோரும் காலணிகளைத்தான் நினைக்கிறார்கள். 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த கணவர் ஃபெர்டினாண்ட் மார்கோஸுடன் அவர் ஹவாய்க்குத் தப்பியோடிய பின், மலாக்கன்யாங் அரண்மனையில் அகப்பட்டவை 3,000 ஜோடிகள் என்று உலகம் பேச, இல்லை, 1,060 தான் என்று பின்னாளில் அவர் திருத்தினார். வெட்கத்தைவிடக் கணக்கே அவருக்கு முக்கியமாகப்பட்டது போலும். எனக்கோ, மணிலாவில் தென்னை மரத்தையும் சிரட்டையையும் கொண்டு அவர் எழுப்பிய மாளிகையே அவரை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. 1981இல் வந்த போப் இரண்டாம் ஜான் பால், வறுமை மிகுந்த நாட்டில் இத்தனை ஆடம்பரம் தகாதென்று அங்கே தங்க மறுத்துவிட்டார் என்பார்கள். ஏழைகள் அண்ணாந்து பார்க்க ஒரு நட்சத்திரம் வேண்டும், அந்த நட்சத்திரம் தாமே என்பது இமெல்டாவின் வாதம். அவருடைய காலணிகளில் ஒரு பகுதி இப்போது மரிகினா நகரத்துக் காலணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.