பள்ளி மடிக்கணினிகளைப் பங்கிட்ட அனுபவம்

பள்ளி வாங்கிய மடிக்கணினிகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: கணினிகள் குறைவு, கேட்கப்போகும் பிள்ளைகள் அதிகம். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த நேரம் அது. 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அன்று வகுத்த முறையைத்தான் இன்று வேறு காரணங்களுக்காகப் பள்ளி மூடும்போதும் பின்பற்றுகிறோம். இதே பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களும், கணினிக்காகக் காத்திருக்கும் பெற்றோரும் அடிக்கடி விசாரிப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் வேலை கணக்கெடுப்பு. வீட்டில் கணினி இருக்கிறதா, இணையம் இருக்கிறதா என்று கேட்கும் படிவத்தை நிர்வாகம் ஏற்கெனவே அனுப்பியிருந்தது. இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம்! இணையமே இல்லாத வீட்டுக்காரர்கள் அதை எப்படி நிரப்புவார்கள்? பதில் வராதவர்களின் பெயர்கள் எல்லாம் ‘தேவை இல்லை’ என்ற பக்கத்தில் சேர்ந்திருந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. யாருக்கு முதலில் கொடுக்க வேண்டுமோ அவர்கள்தான் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். வகுப்பாசிரியர்கள் பெயர்களைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினோம். எண் கிடைக்காதவர்களை நேரில் போய்ப் பார்த்தோம்.

ஒரு தாயிடம், “வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா அம்மா?” என்று கேட்டேன். “இருக்கிறது டீச்சர். நெட்டும் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுங்கள்” என்றார். படிவத்தின்படி அந்த வீட்டில் குறையே இல்லை. போனை வைக்கும் முன், “காலை வகுப்புக்குத் தம்பி எதில் வருவான்?” என்றேன். சற்று நேரம் பதில் வரவில்லை. “அவன் அப்பா வேலை முடிந்து வந்ததும் போனை வாங்கிப் படித்துக்கொள்வான்” என்றார். அப்பா திரும்புவது இரவில். அதே போனில்தான் அக்காவும் படிக்க வேண்டும்.

அதன் பிறகு ‘இருக்கிறதா’ என்று கேட்பதையே விட்டுவிட்டோம். வகுப்பு நடக்கும் நேரத்தில் அந்தச் சாதனம் யார் கையில் இருக்கும்? அதே நேரத்தில் வீட்டில் வேறு யாருக்கு அது தேவை? மாதக் கடைசி வரை டேட்டா தாங்குமா? வீட்டுக்குள் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் பேச முடிகிறதா, வெளியே போய் நிற்க வேண்டியிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களில் தேவைப் பட்டியல் தலைகீழாக மாறியது. மூன்று முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்று யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டன. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். ‘இணையம் உண்டு’ என்று எண்ணப்படும் மீதிப் பங்கிலும் அவனைப் போன்ற பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்!

பட்டியல் கையில் வந்ததும் யாருக்கு முதலில் என்ற வாக்குவாதம் தொடங்கியது. முதலில் வருபவருக்கு முதலில் கொடுத்துவிடலாம் என்றார் தலைமையாசிரியர். அவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற கவலை; அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அறிவிப்பே செல்பேசிக் குழுவில்தான் போகிறது. எப்போதும் இணைப்பில் இருப்பவர்தான் முதலில் வருவார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வீணாகாது என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். இதை என்னால் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை. பள்ளிப் பணத்தில் வாங்கிய கணினி பரிசுப் பொருள் அல்ல. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 28ஆவது பிரிவு கல்வியை ஓர் உரிமையாகச் சொல்கிறது, அது சம வாய்ப்பின் அடிப்படையில் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வாசித்தேன். மதிப்பெண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

கடைசியில், வகுப்பு நேரத்தில் எந்தச் சாதனமும் கையில் இல்லாத பிள்ளைகள் முதல் வரிசை என்று முடிவானது. சிறிய திரையில் படிக்க முடியாத பிள்ளைகளையும் அதே வரிசையில் சேர்த்தோம். பார்வைக் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் தேவைப்பட்டது. போன் இருந்தும் அது அவளுக்குப் பயன்படவில்லை. பகிர்ந்து படிப்பவர்கள் அடுத்த வரிசை. குடும்பத்துக்கு ஒன்று என்ற விதியை நீக்கவைக்க நிறையப் பேச வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் வகுப்பு உள்ள மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்றால் இரண்டு பேருக்கு வகுப்பே இல்லை. இரண்டாவது கணினி கொடுக்க முடியாத வீடுகளுக்காக அண்ணன் தம்பிகளின் கால அட்டவணையை மாற்றி அமைத்தோம். ஒரே நிலையில் இருப்பவர்களுக்குள் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். பெயர்ப் பட்டியலை எந்தக் குழுவிலும் போடவில்லை. வீட்டு வறுமையை ஊரறியச் செய்துதான் ஒரு பிள்ளை கணினி வாங்க வேண்டுமா?

கொடுக்கும் நாளில் எதிர்பாராத தடங்கல் ஒப்பந்தப் படிவத்தில் வந்தது. ஒரு தந்தை மேசை அருகே நின்று அதை நிதானமாக வாசித்தார். பையைத் திறந்து, சார்ஜரைச் சுருட்டி உள்ளே வைத்து, கணினியை என் பக்கமாகத் தள்ளினார். “உடைந்தால் முழு விலையும் நாங்கள் கட்ட வேண்டும் என்று இருக்கிறதே டீச்சர். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. கையெழுத்துப் போட எனக்குத் துணிவில்லை” என்றார். பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு சிலரும் வரிசையிலிருந்து விலகினார்கள். அன்றைய விநியோகத்தை அப்படியே நிறுத்தச் சொன்னேன். மறு கூட்டத்தில் அந்த வரி மாறியது: தெரியாமல் ஏற்படும் சேதத்தைப் பள்ளி ஏற்கும், தொலைந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், பழுதானால் பிள்ளையைத் திட்டாமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு நாங்களே வாசித்துக் காட்டினோம். அந்தத் தந்தையும் வந்து வாங்கிக்கொண்டார். மாற்றுக் கணினிகள் சிலவற்றைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டதால், பழுதானதைக் கொண்டுவந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை.

கணினி போய்ச் சேர்ந்தால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான், மீதி இணையம். செல்பேசி சிக்னலை வைஃபையாக மாற்றித் தரும், சிம் கார்டுடன் கூடிய ஹாட்ஸ்பாட் கருவிகளை மொத்தமாக ஒரே நிறுவனத்திடம் வாங்கலாம், விலை குறையும் என்றது கணக்குப் பிரிவு. அந்த நிறுவனத்தின் சிக்னல் எட்டாத வீடுகளுக்கு அந்தக் கருவி கொடுத்து என்ன பயன்? வெவ்வேறு நிறுவனங்களின் சிம்மை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், பிள்ளை உட்காரும் இடத்திலிருந்து சோதிக்கச் சொன்னோம். பதிவிறக்க வேகம் மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளையின் குரலும் விடைத்தாளின் படமும் போக வேண்டியது பதிவேற்ற வழியில். பல இணைப்புகளில் அந்த வேகம் மிகவும் குறைவு. ஆசிரியர் பேசுவது கேட்கும், பிள்ளை பேசுவது வராது. அப்படிப்பட்ட பிள்ளையை ‘வகுப்பில் வாய் திறப்பதில்லை’ என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது!

டேட்டா கணக்கையும் உட்கார்ந்து போட்டோம். குழு வீடியோ அழைப்பு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி எடுக்கிறது. படத்தின் தரம் கூடினால் இரண்டைத் தாண்டும். நாளுக்கு நான்கு மணி நேரம், மாதத்துக்கு இருபது வகுப்பு நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 80 ஜிபி. பள்ளி முதலில் பேசி வைத்திருந்த திட்டம் மாதத்தின் நடுவிலேயே தீர்ந்துவிடும் அளவுதான். ஒலி மட்டும் என்றால் மணிக்கு 50 எம்பிக்குள் முடிந்துவிடும். ஆகவே திட்டத்தின் அளவைக் கூட்டக் கேட்ட கையோடு, கேமராவைத் திறந்து வைத்தால்தான் வருகைப் பதிவு என்ற விதியையும் நீக்கச் சொன்னோம். சொந்த அறை இல்லாத பிள்ளைகளுக்கு அது இரட்டை நிம்மதி. இன்னொன்று, கணினி தானாக இறக்கிக்கொள்ளும் மென்பொருள் புதுப்பிப்புகள் சில ஜிபி வரை போகும். இது ‘அளவுள்ள இணைப்பு’ (metered connection), அதாவது டேட்டாவுக்கு வரம்பு உள்ள இணைப்பு என்று கணினியின் அமைப்பில் குறித்துவிட்டால் பெரும்பாலானவை காத்திருக்கும். எல்லாக் கணினிகளிலும் அதைச் செய்துவிட்டு, மாதம் ஒருமுறை பள்ளிக்குக் கொண்டுவந்து புதுப்பித்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். பாதுகாப்புக்கான புதுப்பிப்புகளை நிரந்தரமாகத் தள்ளிப் போடக் கூடாது.

பொது நூலகத்தின் இலவச வைஃபையை நம்பிய சில பிள்ளைகள், பள்ளிக் கணினியில் மட்டும் அது கிடைக்கவில்லை என்றார்கள். காரணம் தெரிய நேரமானது. அத்தகைய வைஃபையில் முதலில் ஒரு நுழைவுப் பக்கம் திறக்கும். விதிகளை ஏற்றால்தான் இணைப்பு வரும். பள்ளிக் கணினியிலுள்ள, வேண்டாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டியோ எதையும் முதலில் இணையத்தில் உள்ள தன் சர்வரிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். இணைப்பு இல்லாமல் சர்வரை எட்ட முடியாது, சர்வர் சொல்லாமல் நுழைவுப் பக்கம் திறக்காது. கணினிப் பொறுப்பாளர் நுழைவுப் பக்கங்களுக்கு மட்டும் விலக்கு அளித்ததும் சரியானது. இதே வடிகட்டி ஆசிரியர்கள் கொடுத்த பாடக் காணொளிகளையும் தடுத்தது. தடுக்கப்பட்ட தளத்தை விடுவிக்கக் கேட்க ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அன்றைக்கே பதில் சொல்ல ஆள் போட்டோம்.

ஒரு தாய் கேமராவின் மேல் காகிதம் ஒட்டிக் கொண்டுவந்து, “இது வழியாகப் பள்ளியில் இருப்பவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க முடியுமா டீச்சர்?” என்று கேட்டார். அநாவசியமான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்), தான் கொடுத்த மடிக்கணினிகளின் கேமரா வழியாக மாணவர்களைப் படம் எடுத்ததாக வழக்கைச் சந்தித்து, 2010இல் 6,10,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கணினியில் பள்ளி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று கணினிப் பொறுப்பாளரிடம் எழுதி வாங்கி, ஒப்பந்தத்தோடு இணைத்துக் கொடுத்தோம். காகிதத்தை எடுக்க வேண்டாம் என்றும் அந்தத் தாயிடம் சொன்னேன்.

நிர்வாகம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் எத்தனை கணினிகள் கொடுக்கப்பட்டன என்ற எண் மட்டும் இருந்தது. நான் வாரந்தோறும் வேறொரு கணக்கு வைத்தேன்: யார் நேரலை வகுப்புக்கு வந்தார்கள், யார் நடுவில் அறுந்து போனார்கள், யாருடைய வீட்டுப்பாடம் வந்து சேரவில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து காணாத பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி போகும். சார்ஜர் கெட்டிருக்கும், சிம் தீர்ந்திருக்கும், சில நேரம் கணினியில் பெரியவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடுமுறையில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டும் வழக்கத்தையும் இந்தக் கணக்கைக் காட்டித்தான் நிறுத்தினோம்.

எந்த நிறுவனத்தின் சிக்னலும் எட்டாத வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு வார முதல் நாளில் பாடங்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்து, வாரக் கடைசியில் விடைகளை அதிலேயே வாங்கிக்கொள்கிறோம். சந்தேகம் கேட்க ஒரு நேரம் ஒதுக்கிச் சாதாரணத் தொலைபேசியில் பேசுகிறோம். நேரலை வகுப்பு அவர்களுக்கு இல்லை என்பதால், வகுப்பில் சொல்லும் எந்த அறிவிப்பும் மதிப்பெண்ணும் அவர்களை விட்டுப் போகக் கூடாது என்று ஆசிரியர்களிடம் எழுதியே வாங்கியிருக்கிறோம். சிக்னல் கோபுரம் கேட்டுப் பெற்றோரும் நாங்களும் சேர்ந்து கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது.