பிளேட்லெட் எண்ணும் பஸ்ஸில் வந்த ரத்தமும்

கடையத்தில் காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம் பாளையங்கோட்டை லேபில் மெஷினில் ஏறும்போது 11 ஆகியிருக்கும். அந்த 4 மணி நேரத்தை ரிப்போர்ட்டில் யாரும் எழுதுவதில்லை. ஆனால் எம்.பி.வி. என்ற எண்ணில் அது பதிந்திருக்கும்.

எம்.பி.வி. என்பது ஒரு பிளேட்லெட்டின், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவின், சராசரிப் பருமன். பெரும்பாலான லேப்களில் 7.5 முதல் 11.5 ஃபெம்டோ லிட்டர் வரை சரி என்பார்கள். புதிதாகப் பிறந்த தட்டணு பெரிசு, துடிப்பும் அதிகம். நாள்பட்ட இளைப்பு நோயில், அதாவது சி.ஓ.பி.டி.யில், உள்ளழற்சியும் ஆக்சிஜன் குறைவும் தட்டணுக்களை உசுப்பிவிடுகின்றன. மாரடைப்பு அபாயம் கூடுவதில் இதற்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்த எண்ணின் மேல் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இத்தனை ஆசை. இளைப்பு முற்றும்போது எம்.பி.வி. கூடுகிறது என்று சில ஆய்வுகள், குறைகிறது என்று சில. நோயாளிகள் வேறு வேறு என்பது ஒரு காரணம். குழாய் இன்னொரு காரணம் என்பது என் கணிப்பு.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து தட்டணுவின் தட்டை வடிவத்தைக் குலைத்து உருண்டையாக்கும். முதல் 2 மணி நேரத்தில் வீக்கம் வேகமாக ஏறும், பிறகு மெதுவாக. அதனால் எம்.பி.வி.தான் கேள்வி என்றால் எடுத்த 2 மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். முடியாதென்றால், எல்லாக் குழாய்களையும் ஒரே இடைவெளியில் ஓட்டுங்கள், ஒப்பிடவாவது முடியும். வெயிலுக்குப் பயந்து குழாயை ஐஸில் புதைப்பதும் தப்பு. குளிர்ந்தால் தட்டணு உருமாறும், ஒட்டிக்கொள்ளும். நிழலான பெட்டியில், அறை வெப்பத்தில் வந்தால் போதும்.

ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டிய பட்டை 1 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குழாயில் போட்ட கோடு வரை நிரப்பி, 8 முதல் 10 தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது.

தட்டணு எண்ணிக்கை திடீரென்று 60,000 என்று வந்தால் வீட்டில் டெங்கு பயம் கிளம்பிவிடும். காய்ச்சல் இருந்தால் அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, அதாவது ஸ்மியர் போட்டு, அதன் மெல்லிய இறகு முனையில் தட்டணு கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கொத்து இருந்தால் மெஷின் குறைத்து எண்ணியிருக்கும்; நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். குழாயிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கவைத்திருக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு. விறகடுப்புப் புகையில் நுரையீரல் கெட்ட பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தே இருப்பதுண்டு. இரும்பு குறைந்தால் தட்டணு நிஜமாகவே கூடும். போதாததற்கு, மின்தடை முறையில் எண்ணும் மெஷின் மிகச் சிறிய சிவப்பணுவையும் தட்டணுவாக எண்ணிவிடும். 4.5 லட்சத்துக்கு மேல் வந்தால் சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி.யையும் பார்க்காமல் நுரையீரலைக் குற்றம் சொல்லாதீர்கள்.

உள்ளழற்சியை அறியப் பார்க்கும் இன்னொரு எண் பி.எல்.ஆர். தட்டணுவை, வெள்ளணுவில் ஒரு வகையான லிம்போசைட்டால் வகுத்த எண் அது. வெள்ளணு 9,000, அதில் லிம்போசைட் 20 சதவீதம் என்றால் 1,800. தட்டணு 3,60,000 என்றால் விடை 200. இளைப்பு திடீரென்று கூடிய நோயாளிக்குத் தினம் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, 5 நாள் என்று எழுதுவார்கள். முதல் மாத்திரை விழுந்த சில மணி நேரத்திலேயே லிம்போசைட் சரியும். வெள்ளணு 14,000, லிம்போசைட் 8 சதவீதம் என்று மாறினால் 1,120 தான். தட்டணு அசையாமலே பி.எல்.ஆர். 321 ஆகிவிடும். நோய் முற்றியதல்ல, மாத்திரை வேலை செய்தது. ஆகவே முதல் டோஸுக்கு முன்னால் எடுத்த ரத்தத்துக்குத்தான் மதிப்பு.

இவற்றில் எதுவும் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனையான ஸ்பைரோமெட்ரிக்கு மாற்றல்ல. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகும், முதல் வினாடியில் ஊதிய காற்றை (எஃப்.இ.வி.1) முழு மூச்சில் ஊதிய காற்றால் (எஃப்.வி.சி.) வகுத்து 0.7-க்குக் கீழ் வந்தால்தான் சி.ஓ.பி.டி.

பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகிறவர்கள் தட்டணுக்களின் பருமன் எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்லும் பி.டி.டபிள்யூ. வரியில் அலகைப் பாருங்கள். ஒரு மெஷின் ஃபெம்டோ லிட்டரில் அச்சடிக்கும், இன்னொன்று சதவீதத்தில். அம்பாசமுத்திரத்தில் 12, திருநெல்வேலியில் 16 என்று வந்தால் நோய் ஏறவில்லை, மெஷின் மாறியிருக்கலாம்.